அக்கா பொண்ணு

“குழந்தை இருக்கா?”

கேட்டவர் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவி. ஆஸ்பத்திரியில் அவருக்குக் ‘கத்திரி மேடம்’ என்றுதான் பேர்.

எதிரே உட்கார்ந்திருந்த டாக்டருக்குச் சுருக்கென்றது. சர்ஜன் பயிற்சிக்கு மனுப் போட்ட ஆம்பளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா? மூச்!

இதற்கு முன் இரண்டு ஆஸ்பத்திரிகளில் உண்மையைச் சொன்னாள். இரண்டிலும் ஒரே பாட்டு. “பிள்ளையை வெச்சிக்கிட்டு சர்ஜரி எதுக்கும்மா? தோல் டாக்டருக்குப் படியேன்.” வயசு வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

“இல்ல மேடம்.”

மேடத்தின் முகம் உம்மென்று ஆனது. “சரி, நீங்க போகலாம்.”

வெளியே வந்தாள். பொய் சொல்லியும் போச்சே!

“அம்மா!”

கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார வைத்திருந்த நாலு வயசு மகள், ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்தா மேடம் கதவைத் திறக்க வேண்டும்?

“யாரு இது?”

“அக்கா பொண்ணு மேடம்… ஏய், சித்தின்னு கூப்பிடுன்னு எத்தனை வாட்டி சொல்றது?” கண்ணை உருட்டினாள். குழந்தை மிரண்டுபோய்க் கையை எடுத்துக்கொண்டது.

மேடம் பெருமூச்சு விட்டார்.

“உன் மார்க்குக்கு உனக்குத்தான் கிடைக்கும்னு நெனச்சேன். அம்மாவா இருக்கிற ஒருத்திக்குன்னே ஒரு இடம். நைட் டியூட்டி கிடையாது. பத்து வருஷம் மேலிடத்தோட மல்லுக்கட்டி வாங்கினேன். விளம்பரத்துல போட விடல. அதான் வாயால கேட்டேன். வந்த அஞ்சு பொண்ணுங்களும் குழந்தை இல்லேன்னுட்டீங்க. இனி அந்த இடத்தையும் பிடுங்கிடுவாங்க.”

டாக்டர் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“மேடம்! இவ என் பொண்ணுதான் மேடம். சத்தியமா! பயத்துல பொய் சொல்லிட்டேன்.”

“இடம் இருக்குன்னதும் சொந்தப் பொண்ணாயிட்டாளா?” மேடம் குழந்தை பக்கம் குனிந்தார். “நீ சொல்லு கண்ணு, இவங்க உனக்கு யாரு?”

சொல்லுடி தங்கம், சொல்லுடி என்று பெத்த மனசு அடித்துக்கொண்டது.

குழந்தை அம்மாவின் முகத்தைப் பயந்து பயந்து பார்த்தது. இன்னொரு தரம் திட்டு வாங்க அதற்குத் தெம்பில்லை.

“சித்தி” என்றது.