முதல் ஓனர்

பல் டாக்டர் மரியபுஷ்பம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய சொகுசுக் காரில், எத்தனை முறை சரிபார்த்தாலும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்தது.

"கோளாறு எதுவும் இல்ல டாக்டர். முதல் ஓனரோட கையை வண்டி இன்னும் மறக்கல," என்றார் மெக்கானிக் சேவியர். அவர் கூப்பிட்டு வந்த முதல் ஓனர் இக்பால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் விளக்கு அணைந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரியபுஷ்பத்துக்கு வயிறு எரிந்தது. அவளிடம் அது ஒருநாளும் இப்படி ஓடியதில்லை.

இறங்கியதும், "அந்த ஞாபகத்தை அழிச்சிடுங்க," என்றாள்.

"அழிச்சா இந்த ஓட்டமும் போயிடும் டாக்டர்," என்றார் சேவியர்.

"போகட்டும்."

இக்பால் தயங்கினார். "என்னைச் சுத்தமா மறந்துடுமேம்மா."

"அதுக்குத்தான் சார்."

வீடுவரை கார் குலுங்கிக்கொண்டே வந்தது. விளக்கு எரியவில்லை. அன்றைக்குத்தான் மரியபுஷ்பத்துக்கு அது தன் காராகத் தெரிந்தது.