தலைவரின் முக்கால் மணி நேரம்

ஏலக்காய் விவசாயிகள் சங்கத் தலைவர் வெள்ளைத்துரையின் முக்கால் மணி நேர உரையை எடிட் செய்து, செல்போனில் ஓடும்படி மாற்றி, சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான் வீடியோ ஸ்டுடியோ நடத்தும் அருள்பாண்டி. காலையில்தான் தவறு தெரிந்தது. தலைவர் மகள் கல்யாண வீடியோ ஆர்டர் கைவிட்டுப் போகுமே என்று கலங்கியிருந்தபோது அவரே ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"அண்ணே, ஃபார்மேட் மாத்தையில ஒரு சின்ன..."

"இரு அப்பு. நூறு பேரு பாராட்டியிருக்காங்க. என் சம்சாரமே, 'நீங்க பேசுனதுலயே இதுதான் நல்லாருக்கு'ங்குறா."

"நீங்க கேட்டீங்களாண்ணே?"

"கேக்காமயா? கண்ணு கலங்கிருச்சு. மக கல்யாணத்தையும் இதே மாதிரி செஞ்சு குடு."

அவர் போனதும் அருள்பாண்டி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அனுப்பியதில் படம் மட்டும்தான் இருந்தது. குரல் ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. குரலோடு சரிசெய்த வீடியோ தயாராக இருந்தது. சங்கத்தின் நலன் கருதி அதை அனுப்பாமல் விட்டான்.