புகைக் கூட்டின் சூட்டுப் பக்கம்

மின்சாரம் இல்லாத ஆய்வுகூடத்தில் யன்னல் வெயில்தான் விளக்கு. யசிந்தா நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பி வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய ஜாம் போத்தல் விளக்கில் சூடாக்கிய செப்புக் கம்பியைச் சின்னக் கண்ணாடிக் கூட்டின் இடது பக்கத்தில் ஒட்டிப் பிடிக்கிறாள். கூட்டுக்குள் கயிறு எரித்து அடைத்த புகை. ஒரு பக்கம் மட்டும் சூடானால், கண்டபடி துள்ளும் புகைத் துணிக்கைகள் சூட்டை விட்டு ஒரே திசையில் நகரும். வெப்பத்தில் ஓடும் மிகச் சிறிய இயந்திரம் அது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஆய்வை மேற்பார்க்கும் சிவபாதம் சேர் இன்றே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னேரம் அவர் கிளாலிக்குப் போய், முற்றுகைக்குள் இருக்கும் குடாநாட்டை விட்டுப் படகேறிவிடுவார். திரும்பி வருவாரோ தெரியாது. இரவு முழுக்கக் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்துவிட்டு அரியாலையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர், சட்டை முதுகோடு ஒட்டக் குனிந்து பார்க்கிறார். "சூட்டுப் பக்கமாயெல்லோ போகுது, பிள்ளை. பிழைச்சுப்போச்சு." "உந்த வில்லைக்குள்ளாலை பாத்தா இடம் வலம் மாறித்தானே தெரியும், சேர். முதலாம் வருசத்திலை நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள்." "ஓம், என்ன. மண்டை வேலை செய்யேல்லை. பேனையைத் தா, இன்னொருக்காப் பாத்திட்டுப் போடுறன்." அவள் பேனையை நீட்டுகிறாள். வாங்கக் கை வரவில்லை. வில்லையில் கண்ணை வைத்தபடியே அவர் நித்திரையாகிவிட்டார். மூச்சு மெல்லச் சீறுகிறது. எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வெயில் யன்னல் சட்டத்தை விட்டு விலகத் தொடங்குகிறது. யசிந்தா ஒரு கையால் கம்பியை மறுபடி சுடரில் காட்டிக்கொண்டு, மறு கையால் அடிக்கண்ணாடியை வெயிலின் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.