போட்டோ ஃபினிஷ்

"வேலியே பயிரை மேய்ஞ்ச கதையால்ல இருக்கு! உங்க பொண்ணு ஓடின பந்தயத்துக்கு நீங்களே படம் பார்த்துத் தீர்ப்பு சொல்லுவீங்களா?"

கோச் கதவைத் தள்ளிய வேகத்தில் கேமரா ரூம் கண்ணாடி அதிர்ந்தது. அவருடைய மாணவி சிட்டு, மூச்சு இன்னும் அடங்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வருகிற வழியெல்லாம் அவளைத் துளைத்தெடுத்திருந்தார். "கையை நீட்டலையே? நெஞ்சைத்தானே குடுத்தே? நெஞ்சு கோட்டைத் தாண்டினாதான் கணக்கு. கை கணக்கே இல்லை!"

பாவம், அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

நூறு மீட்டர் பைனல். சிட்டுவும், உள்ளே உட்கார்ந்திருந்த கேமராக்காரரின் மகளும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டது போலத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. முதலில் வந்தவளுக்கு விளையாட்டுக் கல்லூரியில் இலவச இடம். இருப்பதே ஓர் இடம். கிடைக்காவிட்டால் சிட்டு தன் அக்காவோடு தையல் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

"சத்தம் போடாதீங்க சார்," என்றார் நடுவர். "வர வேண்டிய ஆள் வரலை. இந்த மிஷின் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான்."

கோச் விடுகிற ஆளா?

"போட்டோ ஃபினிஷ்னு பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? குதிரை ரேஸ்ல வந்தது சார். எந்தக் குதிரை முந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வான். பணம் கட்டினவன் கண்ணுக்கு அவன் குதிரைதான் முன்னாடி தெரியும்! அதான் முடிவுக் கோட்டுல கேமராவை வெச்சாங்க. படம் பார்க்கிறவரே பொண்ணோட அப்பான்னா, அப்புறம் கேமரா எதுக்கு?"

கேமராக்காரருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. திரையைக் கோச் பக்கம் திருப்பினார்.

"எனக்கும் அதே பயம்தான் சார். எங்கே என் மகளுக்குச் சாதகமாப் பார்த்துடுவேனோன்னுதான். எனக்கு உங்க சிட்டுதான் முதல்ல தெரியுறா. நீங்களும் பாருங்க. தப்புன்னா இப்பவே மாத்திடலாம்."

கோச் கிட்டே வந்தார். திரையை நோக்கிக் குனிந்தார். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கோட்டின் மேல் வைத்த விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"என்ன சார், அறிவிச்சிடலாமா?" என்றார் நடுவர்.

கோச் வாசலைப் பார்த்தார். சிட்டு கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

"சரியாத்தான் இருக்கு. சிட்டுதான் பர்ஸ்ட். அறிவிச்சிடுங்க."

"ரொம்ப நன்றி சார்." கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் மகளுக்கு நானே துரோகம் பண்ணிட்டேனோன்னு மனசு அடிச்சுக்கிச்சு. நீங்க சொன்னதும் ஆறிடுச்சு."

நடுவர் மைக்கை எடுத்தார். சிட்டு ஓடி வந்து, கோச்சின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இருங்க சார், சொல்லிடாதீங்க," என்றாள் நடுவரிடம். பிறகு கோச்சைப் பார்த்தாள்.

"சார்... கோட்டுல முதல்ல இருக்கிறது என் கை சார். நெஞ்சு அவளோடது."