ஜிப் அக்காவுக்குப் பின்னால்

பழைய பைகளுக்கு ஜிப் மாற்றித் தரும் ஜிப் அக்கா, கடையில் தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"போட்டோ போட்டா மட்டும் போதாது சித்தி, ஹேஷ்டேக் வைங்க. அப்பத்தான் நாலு பேர் கண்ணுல படும்" என்றாள் அவளுடைய அக்காவின் மகள் போனில்.

ஜிப் அக்கா, வேறு யாருக்கும் இல்லாத தன் பட்டப்பெயரையே ஹேஷ்டேக்காக வைத்தாள். அதைத் தட்டிப் பார்த்தால், அவள் போட்ட படத்தோடு இன்னொன்றும் இருந்தது. தையல் மெஷினில் குனிந்திருக்கும் அவளுடைய முதுகு. போட்டவர் பெயர் இல்லை. அவளுக்குப் பின்னால் சுவர்தான். நடுவில் ஆள் நிற்க இடமுண்டு, யாரும் நின்றதில்லை.

புகார் கொடுக்க ஏனோ மனம் வரவில்லை. மறுநாள் காலை அந்த இடத்தில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

சாயங்காலம் புதுப் படம் வந்திருந்தது. அதே முதுகு. இந்த முறை உட்கார்ந்த உயரத்திலிருந்து எடுத்திருந்தது.