சைவம் மட்டும்

கஸ்தூரி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். கல் காய்ந்து கறியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே சாம்பிராணிப் புகை வந்துவிட்டது.

"பாரு, ஆரம்பிச்சுட்டாரு. மூக்குல அலாரம் வெச்சிருக்காரு போல."

"மெதுவாம்மா, கேக்கப்போவுது" என்றாள் மகள் வினோதினி.

வெளியே ஹவுஸ் ஓனர் திருமலை தூபக்காலோடு நின்றிருந்தார். ஒரு வாரமாக இதேதான். திட்டுவதில்லை, காலி பண்ணு என்பதுமில்லை. கறி வாசனை கிளம்பினால் புகை. அவ்வளவுதான். அதைத்தான் கஸ்தூரியால் தாங்க முடியவில்லை.

கேட்டில் 'சைவம் மட்டும்' என்ற போர்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் குடிவந்தவள்தான். ஆனால் சனிக்கிழமை வினோதினிக்குப் பளுதூக்கும் தேர்வுப் போட்டி. உடம்பில் இரும்புச் சத்து கம்மி. எடை ஒரு கிலோ கூடினாலோ அடுத்த எடைப் பிரிவில் தள்ளிவிடுவார்கள்.

"எருமைக்கறி குடுங்க. புரதம், இரும்பு ரெண்டும் இருக்கு, கொழுப்பு ஏறாது" என்றார் கோச்.

முதல் நாள் அரை மணி நேரம் வறுத்தாள். செருப்பு மாதிரி ஆனது.

கறிக்கடை அன்வர் பாஷா சிரித்தார். "கொழுப்பில்லாத கறிம்மா இது. மெல்லிசா வெட்டித் தரேன். கல்லு நல்லா காயணும். ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம்தான். ஜாஸ்தி விட்டா மெல்லவே முடியாது."

இன்று பதமாக வந்தது. தட்டை மகள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனாள்.

"ஐயா, சொல்றதை வாயால சொல்லிடுங்க. சனிக்கிழமை வரைக்கும் நான் சமைக்கத்தான் போறேன். அப்புறம் காலி பண்ணச் சொன்னா பண்ணிட்டுப் போறேன். புகை போட்டு விரட்ட நாங்க என்ன கொசுவா?"

"கத்தாதம்மா" என்றார் திருமலை.

அதற்குள் மாடி ஜன்னல் திறந்தது. பக்கத்து ஆசிரமத்துக்குப் போய்வருவதற்காக மாடியில் வாடகைக்குத் தங்கியிருக்கும் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"சார், கீழ என்னமோ வாடை வருதே? ஒரு வாரமா பாக்கறேன். இது சைவ வீடுதானே?"

"சாம்பிராணிங்க. கலப்படம் போல, நாறுது. கடைக்காரனை நாலு வார்த்தை கேக்கறேன்."

ஜன்னல் மூடிக்கொண்டது.



திருமலை தூபக்காலை ஊதிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் கல்லு வெக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு குரல் குடும்மா. தணல் புடிக்க நேரம் ஆவுது."