பஸ்ஸுக்குக் குறுக்கே

"வந்துட்டாங்க மகராசி!" என்றான் உதவியாளன் எர்னோ.

ஹென்ரீக்கா கண்காணிப்புத் திரையைப் பார்த்தாள். ஓட்டுநர் இல்லாத அந்தக் குட்டி பஸ், நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண்மணி. அறுபது வயதிருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பஸ்ஸையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து விநாடி. பிறகு சாவகாசமாக நடந்து ஓரமாகப் போனாள். பஸ் மறுபடி கிளம்பியது.

"இதோட பதினோரு தடவை. எல்லாமே காலைல ஒன்பதே கால் பஸ், அதே இடம்."

ஹென்ரீக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. நாலு வருஷ உழைப்பு. இப்படி ஒரு மின்சார பஸ் வாசல் வரை வந்தால் ஊலு நகரத்தில் பாதிப் பேர் காரை எடுக்கவே மாட்டார்கள் என்று நகரசபையிடம் வாதாடிச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். சோதனை ஓட்டம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அறிக்கையிலோ 'காரணமில்லாத தடங்கல்' என்று பதினோரு வரி!

"யாரு இவங்க?"

"ரைலின்னு பேரு. விசாரிச்சுட்டேன். அவங்க தம்பி இதே ரூட்ல பஸ் ஓட்டினவராம். நம்ம பஸ் வந்ததும் அவருக்கு இங்க வேலை இல்ல."

"அப்ப அந்த ஆத்திரம்தான்."

"வேற என்ன? அதுலயும் பாருங்க, வெயில் அடிக்கிற அன்னிக்கு வர்றதே இல்ல. பனி கொட்டினாதான் வர்றாங்க. பஸ் திணறுற நாளாப் பார்த்துக் கழுத்தறுக்கறாங்க!"

"நாளைக்கு நான் நேர்லயே போறேன். போலீஸ்ல சொல்லிடுவேன்னு சொன்னா அடங்குவாங்க."

மறுநாள் விடியற்காலையிலிருந்தே பனி கொட்டியது. ஒன்பது மணிக்கெல்லாம் ஹென்ரீக்கா அந்த இடத்துக்குப் போய், ஒரு மரத்தடியில் நின்றுகொண்டாள்.

சரியாக ஒன்பதே கால். தூரத்தில் பஸ் வருவது தெரிந்ததும், எதிர்ச்சாரி மதில் கேட்டைத் திறந்துகொண்டு ரைலி வந்தாள். கோட்டுக்குள்ளிருந்து சமையல் ஏப்ரன் எட்டிப் பார்த்தது. நேராக நடுத்தெருவுக்குப் போய் நின்றாள்.

பஸ் வேகம் குறைந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்றது.

ஹென்ரீக்கா ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பஸ் அவர்களைத் தாண்டிப் போனது.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? நாலு வருஷமா இதுக்காக ராத்திரி பகல் பார்க்காம உழைச்சிருக்கேன். உங்க தம்பிக்கு வேலை போச்சுன்னா என் பஸ்ஸையா பழி வாங்கறது?"

"ஓ, இது உங்க பஸ்ஸா?" ரைலியின் முகம் மலர்ந்தது. "இருங்க, ஒரு நிமிஷம்."

திரும்பி, கேட்டைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"பைவி! வரலாம்மா!"

கேட் திறந்தது. முன்னால் டீச்சர் பைவி. பின்னால் மஞ்சள் சட்டை மாட்டிய நர்சரி வாண்டுகள், ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜோடி ஜோடியாக. பத்தொன்பது பேர். ஒருத்தி பனியை அள்ளித் தின்றுகொண்டே வந்தாள்.

"சறுக்குமேட்டுக்குப் போறாங்க," என்றாள் ரைலி. "இதுங்க ஆடி அசைஞ்சு ரோட்டைத் தாண்டறதுக்குள்ள உங்க பஸ் திரும்பி வந்துடும். பனி கொட்டினா என் மூக்குக்கண்ணாடியே மங்கிப் போகுது. அன்னிக்கு பஸ்ஸுக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு ஒருத்தராவது பார்க்க வேண்டாமா?"

"அதெல்லாம் பார்த்தாச்சுங்க. பொம்மையை நிறுத்தி முன்னூறு தடவை சோதிச்சிருக்கோம்."

"எப்ப?"

"ஆகஸ்ட்ல, நல்ல வெயில்ல..." சொல்லும்போதே ஹென்ரீக்காவின் குரல் இறங்கிவிட்டது.

ரைலி சிரித்தாள். அதில் குத்தல் இல்லை.

"நல்ல பஸ்ஸுங்க. பன்னெண்டு தடவை நின்னேன், பன்னெண்டு தடவையும் ஒழுங்கா நின்னுடுச்சு. பயமில்லாம ஏறுங்கன்னு தெருவுல எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லிட்டு இருக்கேன். தம்பியா? அவன் இப்ப பனி அள்ளுற வண்டி ஓட்டறான். முன்னைவிட குண்டாகிட்டான், கழுதை!"

சொன்னபடியே பஸ் திரும்பி வந்தது. நடுத்தெருவில் கயிறும் குழந்தைகளும். பஸ் தள்ளியே நின்று காத்திருந்தது. பனி தின்ற சின்னப்பெண் அதற்கு டாட்டா காட்டினாள்.

ஹென்ரீக்காவுக்குக் கண் கலங்கியது.

"உள்ள பிள்ளைங்களுக்குக் கஞ்சி அடுப்புல இருக்கு, நான் வரேன்," என்று கிளம்பினாள் ரைலி.

"ஒரு நிமிஷம்... என்னிக்காவது பஸ் நிக்காம உங்க மேல மோதியிருந்தா?"

"மோதியிருந்தா நான் கை காட்டியிருக்க மாட்டேனே," என்றாள் ரைலி. "பைவியும் கேட்டைத் திறந்திருக்க மாட்டா."